287.5 சதவீதப் புரதம்

கால்நடைத் தீவனப் பாடத்தில் ஒவ்வொரு வருடமும் இரண்டாவது வகுப்பிலேயே இதைக் கேட்டுவிடுவேன். "யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். கச்சாப் புரதம் எவ்வளவு?" நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்கினால் கச்சாப் புரதம், அதாவது புரதத்தின் தோராய அளவு, வரும் என்று முந்தைய வகுப்பில்தான் கற்றுக்கொடுத்திருப்பேன். மளமளவென்று பெருக்கிவிடுவார்கள்: 287.5. பாதிப் பேர் அதை அப்படியே நோட்டில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்காக நிமிர்ந்து பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் வரும். "நூறு கிராம்ல 287 கிராம் புரதம் எப்படி மேடம் இருக்கும்?" அது வரும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.

நான் படித்தபோது 6.25 ஐ மனப்பாடம் செய்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பாடம் நடத்த வந்த முதல் இரண்டு வருடமும் அதையேதான் ஒப்பித்தேன். அந்த இரண்டு வருட மாணவர்களை நினைத்தால் இன்னும் மனசு உறுத்துகிறது.

புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன். நூறை 16 ஆல் வகுத்தால் 6.25. அவ்வளவுதான் அதன் பூர்வீகம். 1883 இல் டென்மார்க் வேதியியலாளர் கெல்டால் கொடுத்த முறை நைட்ரஜனைத்தான் அளக்கிறது. அது புரதத்திலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று அந்தக் குடுவைக்குத் தெரியாது. 2007 இல் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவில் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் கலந்திருந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். பரிசோதனையில் புரதம் உயர்ந்து தெரிந்தது. சிறுநீரகத்தில் படிகம் கட்டி விலங்குகள் செத்தன. இதைச் சொல்லும்போது வகுப்பில் யாரும் நோட்டைப் பார்ப்பதில்லை.

அப்புறம் யூரியாவுக்கே திரும்பி வருவேன். பன்றிக்குப் புரதமாகப் பயன்படாத அதே யூரியாவை மாட்டின் அசையூண் வயிற்றிலுள்ள (முதல் இரைப்பை) நுண்ணுயிரிகள் அம்மோனியாவாக உடைத்து, அதிலிருந்து தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்கின்றன. அந்த நுண்ணுயிரிகளைத்தான் மாடு பிறகு செரிக்கிறது. ஆனால் கூடவே மாவுச்சத்து வேண்டும். இல்லாவிட்டால் அம்மோனியா ரத்தத்தில் ஏறி, கல்லீரல் சமாளிக்க முடியாமல் மாடு விழுந்துவிடும். இந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரியும். கால்நடை மருத்துவ மாணவர்கள், விழுந்த மாட்டுக்குக் குளிர்ந்த தண்ணீரும் வினிகரும் எவ்வளவு புகட்டுவது என்று கேட்பார்கள். கால்நடை அறிவியல் மாணவர்களுக்கோ தீவனத்தில் எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம் என்பதுதான் கவலை. (மொத்த உலர் பொருளில் 1 சதவீதத்தைத் தாண்டாதீர்கள், அதையும் மெல்ல மெல்லப் பழக்குங்கள் என்பேன்.) அந்த இரண்டு கேள்வியையும் ஒரே அறையில் கேட்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். வெளியே போனபின் இவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போய்ப் பேச வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம் இங்கேயே வரட்டும்.

நாளை கெல்டால் முறையில் செய்முறை வகுப்பு. கழுவி உலர்த்திய கோழி இறகைப் பொடியாக நறுக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கிராம் எடைபோட்டு வைத்திருக்கிறேன். கச்சாப் புரதம் 80 சதவீதத்தைத் தாண்டும். எல்லாம் கெரட்டின் என்ற எளிதில் செரிக்காத புரதம், அழுத்தத்தில் வேகவைக்காமல் கொடுத்தால் அநேகமாக அப்படியே வெளியே வந்துவிடும். இதை நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. கந்தக அமிலத்தில் இறகு கரைந்து, டைட்ரேஷன் முடிந்து, பெரிய எண் ஒன்று கையில் வரும்போது, முதலில் யார் அதைச் சந்தேகிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.