புளியமரம் யாருடையது?

புரட்டாசி பிறந்தால் போதும், கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டம் வந்துவிடும். துறை வாரியாகக் கூப்பிடுவார்கள். எழுந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டும்: மணல் மூட்டை இத்தனை, சவுக்குக் கம்பு இத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் இத்தனை, ஜெனரேட்டர் இத்தனை. யார் பேசினாலும் "தயார் நிலையில் உள்ளது" என்றுதான் முடிப்பார்கள். வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராக நுழைந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பின்வரிசையில் உட்கார்ந்து அந்தக் கணக்கையெல்லாம் குறிப்பெடுத்தவர்களில் ஒருவன்.

கணக்கில் பொய் கிடையாது. மூட்டையும் இருக்கும், இயந்திரமும் ஓடும். ஒரு துறையின் வேலை எங்கே முடிகிறது, அடுத்த துறையின் வேலை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி மட்டும் அந்த மேசைக்கு வராது. புயல் நேரத்தில் நாங்கள் திணறியதெல்லாம் அந்த இடைவெளியில்தான். ஆள் இல்லாமல் திணறியது குறைவு. ஆள் இருந்தும், முதலில் கை வைக்க வேண்டியது யார் என்று தெரியாமல் நின்றதே அதிகம்.

ஒரு மரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை ஊரறியும். எங்களை அனுப்பிய சாலையில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. மூன்று பேர் கைகோத்துக் கட்டிப்பிடித்தாலும் எட்டாத அடிமரம். அதன் கீழே மின்கம்பங்கள் முறிந்து, கம்பிகள் கிளைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் பால் வண்டியும் குடிநீர் லாரியும்; அந்தப் பக்கம் ஓர் ஆம்புலன்ஸ்.

வேடிக்கை என்னவென்றால், வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தீயணைப்பு வண்டியில் ரம்பம் இருந்தது. "கம்பியில் மின்சாரம் இல்லை என்று யாராவது உறுதியாகச் சொன்னால் இப்போதே அறுப்போம், சார்" என்றார் அவர்களின் அலுவலர். நியாயம்தான். லைன்மேன் டிவிஎஸ் 50-இல் வந்து இறங்கினார். மாவட்டமே இருண்டு கிடக்கும்போது எந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கப்போகிறது என்று நமக்குத் தோன்றும். அவர் தலையை ஆட்டினார். "துணை மின்நிலையத்தில் லைனை நிறுத்திவிட்டதாக லைன் கிளியர் வாங்கினாலும் போதாது ஐயா. பக்கத்தில் யாராவது மெயினை இறக்காமல் ஜெனரேட்டரைப் போட்டிருந்தால், ரிட்டர்ன் வந்து ஆளை அடித்துவிடும்." அதுவும் நியாயம். அந்த லைன் கிளியரைக் கேட்கவும் வழியில்லை. செல்போன் கோபுரங்கள் காலையிலேயே செத்துவிட்டன.

சாலைக்காரர்களின் பொக்லைன் ஓரமாக நின்றது. அறுத்துக் கொடுத்தால் தள்ளிவிடுகிறோம் என்றார்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ வேறு கவலை. அந்தப் புளியின் மகசூல் ஏலத்தில் போயிருந்தது. அடிமரத்தைத் துண்டு துண்டாக அறுத்தால் விலை போகாது. அளந்து, சாட்சிகளோடு மகஜர் என்ற பதிவு எழுதாமல் தொட்டால் தணிக்கையில் கேள்வி வரும். இதைக் கேட்ட ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

ஒருவர் மீதும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் விதிப்படி சரியாகவே நின்றார்கள். எல்லோரும் சரியாக நின்றதால்தான் மரமும் அப்படியே கிடந்தது.

கடைசியில் மண்டல அலுவலர் ஒரு பையனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். புயல் அறிவிப்பு வந்ததும் பல துறை ஆட்களைச் சேர்த்து மண்டலக் குழுக்கள் போடுவார்கள். அதில் ஒன்றின் தலைவர் அந்த அம்மையார். எல்லோரும் சொன்னதைக் கேட்டார். நிவாரணக் கணக்கெடுப்புப் படிவம் ஒன்றைத் திருப்பி, வண்டியின் மேல் வைத்து எழுதினார்: "சாலைத் தடையை அகற்றும் பொருட்டு மேற்படி மரத்தை உடனடியாக அறுத்து அப்புறப்படுத்த என் பொறுப்பில் உத்தரவிடுகிறேன்." கையெழுத்துக்குக் கீழே மணியையும் குறித்தார். தலையாரியை அக்கம் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்க்க அனுப்பினார். ஒரு ரைஸ் மில்லில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. லைன்மேன் பயந்தது வீண்போகவில்லை. அதை நிறுத்தி, கம்பிக்குச் சங்கிலி போட்டு எர்த் செய்த பிறகு ரம்பம் இறங்கியது. பிறகென்ன, மள மளவென்று முடிந்துவிட்டது. அறுக்க ஆன நேரத்தைவிட அறுக்கலாம் என்று முடிவாக ஆன நேரம் பல மடங்கு.

அந்தத் தாளுக்கு வலிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலிருந்து. அதன் 25-ஆவது பிரிவின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர்; உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதி ஒருவர் இணைத்தலைவர். பேரிடர் வரும் வேளையில் போக்குவரத்தைத் தடுக்கவும், இடிபாடுகளை அகற்றவும், எந்தத் துறையின் ஆளையும் பொருளையும் பயன்படுத்தவும் 34-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆக, அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்சியரின் மேசையில் இருக்கும் அதிகாரம் புளியமரத்தடி வரை வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கும் ஒரு முறை உண்டு. 2010-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழிகாட்டு நெறிமுறையாகவே வெளியிட்டது. கலிபோர்னியாவில் 1970-களில் காட்டுத்தீயை அணைக்க வந்த பல துறைகள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்ட அனுபவத்திலிருந்து அங்கே வளர்ந்த முறை அது. களத்தில் ஒரே ஒரு கமாண்டர். அவருக்குக் கீழே களப்பணி, திட்டமிடல், தளவாடம் என்று மூன்று பிரிவு. ஒருவருக்கு ஒரே ஒரு மேலதிகாரி. மாவட்டத் திட்டப் புத்தகத்தில் இதெல்லாம் அழகான கட்டங்களாக இருக்கும். எனக்கு இந்த முறையில் பிடித்தது தளவாடப் பிரிவுதான். தானேயின்போது வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் கம்பம் நட வந்தார்கள். அவர்கள் எங்கே படுப்பார்கள், யார் சோறு போடுவார்கள், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கூட நடந்து காட்டுவது யார்? இதை ஒரு தனி வேலையாக எழுதி, அதற்கு ஓர் ஆளைப் போட்டால்தான் கம்பம் நிமிரும். பிடிக்காதது, நம் ஊரில் பயிற்சி பெற்றவர் அடுத்த மாறுதலில் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார் என்பது. கட்டம் இங்கே இருக்கும். கட்டத்துக்குள் இருந்த மனிதர் தர்மபுரியில் இருப்பார்.

கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கு அழைப்பு வந்தால் எழுதும் நீளமான நோட்டு அது. வரிசை எண், நேரம், பேசியவர், ஊர், விவரம், தெரிவிக்கப்பட்ட அலுவலர். அத்தோடு பத்தி முடிந்துவிடும். இரவு பத்து மணிக்கு ஒரு பெண் பேசுவார்: வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், மகள் நிறைமாதக் கர்ப்பிணி. சுகாதாரத்துறைக்குத் தெரிவிக்கப்பட்டது. பன்னிரண்டு மணிக்கு அதே பெண், அதே வீடு. இப்போது எழுதுபவர் வேறு ஆள் என்பதால் புது வரிசை எண். தீயணைப்புக்குத் தெரிவிக்கப்பட்டது. இரண்டு மணிக்கு மறுபடியும். காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டது. காலையில் நோட்டைப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று புகார், மூன்று நடவடிக்கை. அந்த வீட்டுக்கு யாராவது போனார்களா? நோட்டுக்குத் தெரியாது.

2015 நவம்பர் வெள்ளத்தில், பெரியகாட்டுப்பாளையமும் விசூரும் அடித்துச் செல்லப்பட்ட அந்த மழையில், இரவுப் பணிக்கு வந்த ஓர் இளம் உதவியாளர் இதைக் கவனித்தார். அடிக்கோல் கிடைக்கவில்லை. கோப்பு அட்டையை வைத்துப் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, மேலே "போய்ச் சேர்ந்தார்களா?" என்று எழுதினார். அந்தப் பத்தி காலியாக இருக்கும் வரிசைகளுக்கு அரை மணிக்கு ஒருமுறை அவரே போன் போட்டார். எதிர்முனையில் சில அதிகாரிகள் எரிந்து விழுந்தார்கள். "நீ யாரம்மா என்னைக் கேட்க?" என்றார் ஒருவர். ஆனால் பத்தி நிரம்பியது. அடுத்த ஆண்டு புது நோட்டு வந்தது. பழைய மாதிரியிலேயே அச்சடித்திருந்தார்கள்.

மரமும் நோட்டும் ஒரே ஆட்சியரின் எல்லைக்குள் நடந்தவை. தென்பெண்ணை அப்படி இல்லை. கர்நாடகத்தில் பிறந்து, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று இறங்கி, எங்கள் தாழங்குடா அருகே கடலில் சேருகிறது. கடைசி நீட்டில் ஒரு கரையில் கடலூர் மாவட்டம், மறு கரையில் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் (அங்கே ஊராட்சிப் பகுதியை அப்படித்தான் சொல்வார்கள்). ஒரே ஆற்றுக்கு இரண்டு அரசு, இரண்டு ஆட்சியர், இரண்டு கட்டுப்பாட்டு அறை.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகர மனமில்லாமல் அங்கேயே கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தெருக்களில் படகு விட ராணுவம் வந்தது. மழை விட்டது என்று மூச்சு விடுவதற்குள், டிசம்பர் 2 அதிகாலை தென்பெண்ணையின் மேற்பகுதியில் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி வரை திறக்கப்பட்டது. பாகூர் பக்கத்தில் இருக்கும் என் தங்கை வீட்டிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், ஒன்றே முக்கால் லட்சம் என்கிறார்கள். எங்கள் வாசலுக்கு வருமா, திண்ணைக்கு வருமா?"

அவர் கேட்டதுதான் கேள்வி. கனஅடி என்பது பொறியாளர் பொறியாளருக்குச் சொல்லும் கணக்கு. அணையிலிருந்து ஆட்சியருக்கு, ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து கிராமத்துக்கு அதே எண் அப்படியே கைமாறி வருகிறது. கடைசியில் தண்டோராவிலும் ஒலிபெருக்கியிலும் "கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்று வந்து நிற்கிறது. இத்தனை கனஅடி என்றால் நாணமேட்டில் எந்தத் தெரு, சோரியாங்குப்பத்தில் எந்தக் கோயில் படி என்று சொல்லும் வேலையை எந்தத் துறைக்கும் எழுதி வைக்கவில்லை. நீர்வளத்துறைக்கு ஆறு தெரியும், தெரு தெரியாது. வருவாய்த்துறைக்குத் தெரு தெரியும், ஆறு தெரியாது. அணைத் தண்ணீர் கடலூர் வந்து சேர ஆகும் மணி நேரம்தான் நம் கையில் இருக்கும் ஒரே சொத்து. அதை எண்ணைக் கைமாற்றுவதிலேயே செலவழிக்கிறோம்.

(வெள்ளம் வடிந்த பிறகு கடலூர் பக்கம் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், புதுச்சேரி பக்கம் 5,000 ரூபாய். மாப்பிள்ளை இதை இன்னும் என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார்.)

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கடற்கரைக் குப்பங்களில் நான் பார்த்தது வேறு. தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வந்து சேரும் வரை முதல் சில மணி நேரம் ஃபைபர் படகுகளுக்கே உரியது. கோயில் ஒலிபெருக்கியில் ஊர்ப் பஞ்சாயத்தார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் படகு, யார் இன்ஜின், யார் தோள் கொடுத்து லாரியில் ஏற்றுவது என்று பேச்சே எழாது. பேச்சு எழுவது டீசல் காசில்தான். சட்டத்தின் 65-ஆவது பிரிவு படகையும் வாகனத்தையும் கேட்டு எடுக்க வழி செய்கிறது. அடுத்த பிரிவு அதற்கு ஈடு கொடுக்கச் சொல்கிறது. எடுப்பதற்கு ஆள் உண்டு. கொடுப்பதற்கு எந்தத் துறையின் எந்தச் செலவுக் கணக்குத் தலைப்பு என்று கோப்பு சுற்றும். அடுத்த முறை படகு கேட்டுப் போகிற கிராம உதவியாளரைத்தான் அந்தச் சுற்றல் உதைக்கும்.

எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊரான சாமியார்பேட்டைக்காரர்களுக்கு 2004 சுனாமிக்கு முன்பே கிராம அளவில் பேரிடர்ப் பயிற்சி நடந்திருந்தது. எச்சரிக்கை சொல்ல ஒரு குழு, மீட்க ஒரு குழு, முதலுதவிக்கு ஒரு குழு. சுனாமி என்ற ஒன்றை நினைத்துக் கொடுத்த பயிற்சி அல்ல அது; புயலுக்கும் வெள்ளத்துக்கும்தான். ஆனாலும் அன்று காலை அது கை கொடுத்தது. அங்கே குழு என்றால் துறையின் பெயர் கிடையாது. இன்னார் மகன் இன்னார் என்று ஆளின் பெயர்.

இந்த ஆண்டுக் கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் வரிசையில் நின்று மனுவாகக் கொடுத்துவிட்டேன். 1077 பதிவேட்டில் அந்தப் பென்சில் பத்தியை அச்சிலேயே சேர்க்க வேண்டும். தென்பெண்ணைக் கரை ஊர்களில் 2024-இல் தண்ணீர் நின்ற உயரத்தை மின்கம்பங்களில் பெயின்டால் குறித்து, பக்கத்திலேயே அன்றைய கனஅடியையும் எழுத வேண்டும். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளிலிருந்து பாகூர் கொம்யூனிலிருந்து ஒருவர் கடலூர் கட்டுப்பாட்டு அறையிலும், நம்மவர் ஒருவர் புதுச்சேரியிலும் உட்கார வேண்டும். ஒவ்வொரு மண்டல அலுவலர் கையிலும் ஆட்சியர் கையெழுத்திட்ட அதிகார ஆணை மழைக்கு முன்பே இருக்க வேண்டும். படிவத்தின் பின்பக்கத்தில் எழுதும் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

மனுவை வாங்கியவர் பழக்கப்பட்ட பிள்ளை. படித்துவிட்டு, "சார், இதை எந்தத் துறைக்கு அனுப்புவது?" என்று கேட்டார். நான்கு நகல் கையோடு கொண்டுபோயிருந்தேன்.