மணல் கூட்ட ஓர் ஆள்

போன ஆடி மாதம் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கால். "மணலெல்லாம் பழுப்பாக் கெடக்கு, பாத்தீங்களா? கூட்டிச் சுத்தம் பண்ற மாதிரி ஏதாவது ஒரு உயிரை வாங்கி விட்டுடுங்க தம்பி. காசைப் பத்தி யோசிக்காதீங்க." பேசியவர், கானாடுகாத்தானில் உள்ள தன் பூர்வீக வீட்டு மீன் தொட்டியை அங்கிருந்தே கேமராவில் பார்க்கிறவர். நான் அந்தத் தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டுக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாற்காலியில் அவருடைய அம்மா. ஊருக்கே ஆச்சி, எனக்கும் ஆச்சி.

போனை வைத்ததும் ஆச்சி கேட்டார்: "இந்த வீட்டைக் கூட்டறதுக்கே ரெண்டு பேர் வர்றாக. அவுகளுக்கு மத்தியானச் சோறு நான் போடுறேன். தண்ணிக்குள்ள கூட்டற ஆளுக்குச் சோறு யாரு போடுவா?"

காரைக்குடியைச் சுற்றி 14 வருஷமாக மீன் தொட்டி பராமரிக்கிறேன். இந்தக் கேள்வியை அதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, தொழிலுக்கு வந்த முதல் நாலைந்து வருஷம் நானும் கேட்டுப் பார்த்ததில்லை.

தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். தண்ணீர், கல், மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். அதனால்தான் மாடியில் வைக்கச் சொன்னதை மறுத்து, வளவை ஒட்டிய கீழறையில் வைத்தேன். கீழே ஆத்தங்குடிக் கல். நூறு வருஷக் காலடியில் மெருகேறிய தரை அது. உப்புத் தண்ணீர் சொட்டி அப்படியே காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். ஒவ்வொரு முறையும் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டுத்தான் வாளியை வைப்பேன். தண்ணீர் விஷயத்தில் ஆச்சிக்கு என் மேல் ஒரு சின்ன வருத்தம் உண்டு. காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். அதைவிட நல்ல தண்ணீர் உலகத்தில் உண்டா என்பார். குடிக்க உண்டோ இல்லையோ, பவளமும் கடல் மீனும் வளர்க்கிற ரீஃப் தொட்டிக்கு, ஆர்.ஓ., டி.ஐ. என்ற இரண்டு வடிகட்டிகளையும் தாண்டி வந்த வெறும் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அடர்த்தி 1.025 காட்டினால்தான் ஊற்றுவேன். கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். தொட்டி 26 டிகிரியில் நிற்க வேண்டும். தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் இல்லாமல் செட்டிநாட்டில் ரீஃப் தொட்டி வைப்பது வீண் வேலை.

சரி, மணலுக்கு வருகிறேன்.

தொழில் பழகியது மதுரையில் ஒரு கடையில். அங்கே ஒரு வழக்கம்: புதுத் தொட்டி விற்றால் கூடவே ஒரு மணல் நட்சத்திர மீனையும் தள்ளிவிட வேண்டும். ஆஸ்ட்ரோபெக்டன் வகை, ஐந்து கை, ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி முள். மணலுக்குள் புதைந்து நகரும். அது போன வழியெல்லாம் மணல் புரண்டு வெள்ளை வெளேரென்று ஆகும். பார்க்கிறவர் கையோடு வாங்கிப் போவார். அந்தப் பழக்கத்தோடுதான் நானும் ஊருக்கு வந்து தனியாகத் தொழில் தொடங்கினேன்.

தேவகோட்டையில் ஒரு டாக்டர் வீடு, 3 அடித் தொட்டி. இரண்டு நட்சத்திரங்களை விட்டேன். பத்தே நாளில் மணல் துருவிய தேங்காய் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் தன் நண்பர்கள் இரண்டு பேருக்கு என் நம்பரைக் கொடுத்தார். நாலாவது மாதம் போனால் ஒரு நட்சத்திரம் கண்ணாடியோரம் கிடந்தது. கை நுனிகள் கரைந்து, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. இன்னொன்றைக் காணோம். மணலைக் கிளறித் தேடினேன். கிடைத்தது நாற்றம்தான். அது எப்போதோ புதைந்தபடியே செத்து அழுகியிருக்கிறது. அம்மோனியா ஏறி, ஒரு ஜோடி க்ளவுன் மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அன்றிரவு பதினொரு மணி வரை தண்ணீர் மாற்றினேன். ஒன்று பிழைத்தது.

டாக்டர் திட்டவில்லை. "எதனால செத்துச்சு?" என்று மட்டும் கேட்டார். "பட்டினி சார்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அதுதான் காரணம். அந்த நட்சத்திரம் அழுக்கைத் தின்கிற பிராணி இல்லை. மணலுக்குள் இருக்கிற சின்னப் புழு, குட்டி நத்தை, கண்ணுக்கே தெரியாத இறால் பூச்சிகள், இவற்றைத் தின்கிற வேட்டைக்காரன். எவை மீந்துபோன உணவையும் கழிவையும் இரவெல்லாம் அரித்துத் தின்று மணலை உயிரோடு வைத்திருக்கின்றனவோ, அவற்றையே தின்று தீர்க்கிறது. தீர்ந்ததும் தானும் சாகிறது. சம்பளமில்லாமல் வேலை பார்த்த ஆயிரம் பேரைக் காலி செய்ய, நான் காசு கொடுத்து ஒருவனை உள்ளே விட்டிருந்தேன்.

அதற்கப்புறம் நட்சத்திரம் விற்பதில்லை. ஆனால் அடுத்த தப்பு காத்திருந்தது.

பள்ளத்தூரில் ஒருவர் கோபி மீன் கேட்டார். வாலன்சியென்னியா இனம், உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி. வாய் நிறைய மணலை அள்ளி, உள்ளேயே சலித்து, இரையை விழுங்கிவிட்டு, மீதி மணலைச் செவுள் வழியாகக் கன்னத்தின் இரண்டு பக்கமும் கொட்டும். பார்க்க அவ்வளவு அழகு. அரிசி புடைக்கிற கை போல ஓயவே ஓயாது. வேலை சுத்தம்தான். கொட்டுகிற இடம்தான் சுத்தமில்லை. உயரமாக நீந்திப்போய்ப் பாறை மேல் இருந்த ஜோவாந்தஸ் பவளங்களின் தலையில் கொட்டியது. தினம் ஊதிவிட வேண்டியிருந்தது. பாறைக்கு அடியில் வேறு வளை தோண்டியது. நான் மணலைப் போட்டுவிட்டு அதன் மேல் பாறையை அடுக்கியிருந்தேன். முதலில் பாறையைக் கண்ணாடித் தரையில் உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் மணல் போட வேண்டும். ஒரு நாள் அடுக்கு சரிந்தது. அது போதாதென்று கோபிக்கும் வயிறு ஒட்ட ஆரம்பித்தது. சலிக்கச் சலிக்க மணலில் ஒன்றும் கிடைக்காதபோது, உறைய வைத்த மைசிஸ் இறாலைக் கையால் போட்டு ஊட்ட வேண்டும். ஊட்டினோம், தேறியது. தேறிய மீன் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் தொட்டியிலிருந்து குதித்துவிட்டது. வலை மூடி போடச் சொல்லியிருந்தேன், "அழகு கெடும்" என்று எடுத்து வைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தரையில் பூப் போட்ட கல்லின் நடுவில் குச்சி மாதிரி காய்ந்து கிடந்தது. எறும்பு வரிசை கதவு வரை போயிருந்தது.

இன்னொரு யோசனையும் அடிக்கடி வரும். தொண்டி, மீமிசல் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்கள் சொல்வது: "கடல் அட்டை மணலைத்தானே திங்குது, ரெண்டு கொண்டாந்து போடுவோமா?" மணலைத் தின்று அதிலுள்ள கழிவை எடுத்துக்கொண்டு மணலை அப்படியே வெளியேற்றும் என்பது உண்மைதான். ஆனால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கடல் அட்டை மொத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள். பிடித்தாலும் வைத்திருந்தாலும் குற்றம், மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. அதே வருஷம்தான் பாறை கட்டுகிற கல் பவளங்கள் எல்லாம் அந்த அட்டவணைக்குள் போயின. என் தொட்டிகளில் மஷ்ரூம், ஜோவாந்தஸ் என்று மெத்துப் பவளம் மட்டுமே இருப்பதற்கு அதுதான் காரணம். சட்டத்தைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அவர்களுக்கு இரண்டாவது காரணம் வைத்திருக்கிறேன்: கடல் அட்டை பயந்தாலோ, பம்பில் சிக்கிச் செத்தாலோ, அது விடுகிற நஞ்சில் தொட்டி மீன் மொத்தமும் போய்விடும். அந்தச் சிரிப்பு அதோடு நின்றுவிடும்.

கடற்கரையில் பொறுக்கிய நத்தையும் வேண்டாம் என்பேன். எது புல் மேய்கிறது, எது அடுத்த நத்தையைத் தின்கிறது என்று ஓட்டைப் பார்த்து எல்லோராலும் சொல்லிவிட முடியாது.

ஆச்சி வீட்டுப் பழுப்புக்கு வருவோம். தொட்டி வைத்து அப்போது ஐந்து வாரம். அந்தப் பழுப்பு டயாட்டம் என்கிற நுண்பாசி. புதுத் தொட்டியில் அதற்கு வேண்டிய சிலிக்கேட் சத்து இருக்கிறவரை மாவு தூவிய மாதிரி படியும், விரலால் தள்ளினால் கலைந்து போகும், சிலிக்கேட் தீர்ந்தால் தானாகக் குறையும். அதைத் தின்ன இருபது நத்தையை வாங்கி விட்டால், டயாட்டம் போன பிறகு இருபதும் எதைத் தின்னும்? மணல் மேல் சிவப்பாக வழவழவென்று பாய் விரித்தாற்போல் வருவது வேறு, அது சயனோ என்கிற பாக்டீரியா. அதை எந்தப் பிராணியும் விரும்பித் தொடாது. நீரோட்டத்தைக் கூட்டி, தீனியைக் குறைத்து, சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுப்பதுதான் வழி. இதையெல்லாம் சிங்கப்பூர் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நான் ஒண்ணுமே வாங்கக் கூடாதா?" என்றார் பாவமாக. ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். வாடிக்கையாளரிடம் பொறுங்கள் என்று சொல்லுவது இந்தத் தொழிலில் நஷ்டக் கணக்குதான், என்ன செய்வது.

பொறுத்தார். பழுப்பு பாதிக்கு மேல் போனது. அப்புறம் மூன்று வகை எடுத்தேன். எட்டு நசேரியஸ் நத்தை: பாசியைத் தொடாது, மீன் தின்று மிச்சம் விட்ட கவுச்சிதான் அதற்குச் சாப்பாடு. ஆறு செரித் நத்தை: சுருள் கோபுரம் மாதிரி ஓடு, இரவில் கிளம்பி மணலிலும் கண்ணாடியிலும் படிந்த பாசியை மேயும். ஒரே ஒரு கான்ச் சங்கு: மணலின் மேல்படலத்தை மாடு மேய்வது போல் மேய்கிற பிராணி. நாலடித் தொட்டிக்கு ஒன்று போதும், இரண்டாவது வந்தால் இரண்டுக்கும் அரை வயிறு. கான்ச்சை மட்டும் தொட்டி ஆறு மாதம் தாண்டிய பிறகே விட்டேன். ஹெர்மிட் நண்டு வேண்டாம் என்றேன். ஓடு பிடித்துப்போனால் உள்ளே இருக்கிற நத்தையைக் கொன்றுவிட்டுக் குடியேறும் ஜாதி அது.

நத்தை வந்த அன்று மூன்று மணி நேரம் அந்த வீட்டில்தான். பையிலிருந்த தண்ணீர் 1.019 காட்டியது, தொட்டி 1.025. மீன் தாங்கும், நத்தை தாங்காது. ஏர் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை வாளிக்குள் இறக்கிக்கொண்டே இருந்தேன். ஆச்சி இடைப்பலகாரமாக வெள்ளைப் பணியாரம் கொடுத்துவிட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தார். கடைசியில் மணலில் விட்டதும் எட்டும் பத்து நிமிஷத்தில் புதைந்து மறைந்தன. "இம்புட்டுக் காசு குடுத்து வாங்கினது எங்கப்பா?" என்றார்.

குழம்புக்கு வைத்திருந்த இறாலில் மிளகு அளவு ஒரு துண்டு கேட்டு வாங்கி, மணல் மேல் போட்டேன். இருபதெண்ணி முடிக்கவில்லை. பாறையோரம் மணல் லேசாக நெகிழ்ந்தது. ஒரு சாம்பல் நிறக் குழல், யானைக் குட்டித் துதிக்கை மாதிரி, வெளியே நீண்டு இடமும் வலமும் முகர்ந்தது. அந்தப் பக்கம் இன்னொன்று. அப்புறம் ஓடுகளே மணலைப் பிளந்துகொண்டு எழுந்தன. நத்தை என்றால் மெதுவாகப் போகும் என்று நினைத்திருந்த ஆச்சி, பந்திக்கு முந்துகிற வேகத்தில் அவை ஓடியதைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டார். "கண்ணே இல்லாத மாதிரி இருக்கு, மூக்காலயே வருது பாரு!"

அன்றிலிருந்து எண்ணிக்கை அவர் பொறுப்பு. வாரம் ஒரு நாள் ஒரு துண்டு போட்டு எண்ணுவார், எனக்குப் போன் வரும்: "எட்டும் வந்துருச்சு தம்பி." வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கவுச்சி கிடையாது, பிள்ளையார் நோன்பு 21 நாளும் கிடையாது. மீனுக்கு மட்டும் பெல்லட் கொஞ்சம் போடுவார். எனக்கு அதில் மறுப்பு ஒன்றுமில்லை. பல வீடுகளில் மணல் கெடுவது தீனி அதிகமாகித்தான்.

நடுவில் ஒரு முறை மட்டும் பதறிப்போய்க் கூப்பிட்டார். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் பாறை இடுக்கில் மயிர் மயிராக ஒரு புழு. மரவட்டை வந்துவிட்டது, எடுக்க வா என்றார். பிரிஸ்டில் வொர்ம். கையால் தொட்டால் முள் ஏறிக் குடையும், அதனால் தொட வேண்டாம், ஆனால் எடுக்கவும் வேண்டாம் என்றேன். லைவ் ராக் என்கிற, கடல் உயிர்கள் ஒட்டியிருக்கும் பாறையோடு சும்மா வந்தது. எந்த நத்தையும் நுழைய முடியாத இடுக்கில் மிச்சத்தைத் தின்கிறது. "அது நம்ம வீட்டு ஆளுதான் ஆச்சி" என்றேன். அப்படியானால் இருக்கட்டும் என்றுவிட்டார்.

போன வாரம் தண்ணீர் மாற்றப் போயிருந்தேன். வேட்டியை விரித்து, வாளியை வைத்துக்கொண்டிருக்கும்போது சிங்கப்பூர் அழைப்பு. ஆச்சிதான் எடுத்தார். ஸ்பீக்கரில் கேட்டது. அங்கே யாரோ நண்பர் வீட்டில் மணல் நட்சத்திரம் வைத்திருக்கிறார்களாம், மணல் பளிச்சென்று இருக்கிறதாம், நமக்கும் ஒன்று சொல்லட்டுமா என்றார் அண்ணன். நான் வாய் திறப்பதற்குள் ஆச்சி முந்திக்கொண்டார்.

"அதுக்குப் போட இங்க சோறு இல்லையாம்ப்பா. நீ பொங்கலுக்கு எப்ப வர்ற, அதைச் சொல்லு."