மஞ்சள் கரு வாட்ச்மேனுக்கு

ஜூலை 3
எங்கள் நாய் மிளகின் ரத்த ரிப்போர்ட். சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் 3.4. பாஸ்பரஸ் 6.1. போன ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தெம்பில்லை. ஏறியிருக்கிறது என்பது டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்துவிட்டது.

ஜூலை 4
ராகி பிஸ்கட் கிடையாது. பன்னீர் கிடையாது. கடையில் வாங்கும் ஈரல் வற்றல் கிடையவே கிடையாது. என் பட்டியலை வாங்கி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். எல்லாம் பாஸ்பரஸ். மனுஷங்களுக்கு நல்லது என்று நாம் தேடித் தேடிப் போடுவதுதான் இவளுக்கு ஆகாது. ராகியைவிட வெள்ளை அரிசியில் பாஸ்பரஸ் குறைவு. கடைசியில் மிஞ்சியது அரிசி மாவு, பூசணி, முட்டையின் வெள்ளைக் கரு. மஞ்சளில்தான் பாஸ்பரஸ் இருக்கிறதாம், வெள்ளையில் நல்ல புரதம்.

அம்மாவிடம் முட்டை என்று எப்படிச் சொல்வது?

ஜூலை 5
சொன்னேன். "அடுப்படிக்குள்ள வரப்படாது. வேற எங்க வேணா பண்ணிக்கோ." அவ்வளவுதான். நான் தயாரித்து வைத்திருந்த வாதம் எல்லாம் வீண்.

ஆக, மிளகுக்கான சமையலறை இப்போது பால்கனி. வாஷிங் மெஷின் மேல் ஓடிஜி (பிஸ்கட் சுடும் மின்னடுப்பு), பக்கத்தில் இன்டக்‌ஷன் அடுப்பு, மேலே தார்ப்பாய். மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் அரைக் கிலோ லால் போப்ளா (சிவப்புப் பூசணி) வாங்கி, தோலும் விதையும் எடுத்து வேகவைத்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்தேன். ஒரு டம்ளர் அரிசி மாவு, இரண்டு வெள்ளைக் கரு. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வெல்லம் இல்லை. சப்பாத்தி மாவுப் பதம் வருவதற்குள் கை முழுக்க அப்பிக்கொண்டது. மாத்திரை பாட்டில் மூடியால் வட்டம் வெட்டி, 150 டிகிரியில் 40 நிமிஷம், அப்புறம் அணைத்து உள்ளேயே ஆறவிட்டேன். தட்டினால் சத்தம் வந்தது. நன்றாகவே வந்திருந்தது என்று எழுதிவைக்கிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

இரவு எட்டு மணிக்கு எல்லாம் நமுத்துப் போச்சு. இந்த ஊர் ஜூலையில் எந்த டப்பாவுக்குள்தான் மழை புகவில்லை.

ஜூலை 7
சாப்பிடவில்லை. எதையும்.

ஜூலை 8
கிண்ணத்தில் ஒரு லிட்டர் ஊற்றினால் மாலைக்குள் காலி. நல்லா குடிக்கறதே என்று அம்மாவுக்கு சந்தோஷம். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விடுகிறது, அதை ஈடுகட்டக் குடிக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கட்டும்.

தோலுக்கடியில் சலைன். தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி ஊசி போட வேண்டும். என் கைதான் நடுங்குகிறது, அவள் பேசாமல் நிற்கிறாள்.

ஜூலை 9
பிஸ்கட்டில் பச்சைப் புள்ளி. டப்பாவோடு குப்பையில். பூஞ்சை விஷம் நாய்க்கு வலிப்பே வரவழைக்கும். சுரண்டிவிட்டுக் கொடுக்கலாமே என்று வீட்டு வேலைக்கு வரும் பாய் கேட்டாள். முடியாது.

ஜூலை 11
மூன்றாம் மாடி மாமி வழக்கம்போல் புளியோதரை செய்து, மிச்சத்தைக் கேட் ஓரம் தெருநாய்களுக்கு வைத்தாள். தடுக்கவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. திராட்சையில் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது டார்டாரிக் அமிலமாக இருக்கும் என்று 2022-இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் அதற்குக் காட்டிய சாட்சிகளில், அதே அமிலம் உள்ள புளியைத் தின்ற நாய்களும் உண்டு. புளி! இந்தத் தெருவில் எந்த நாய் ரசம் சாதம் தின்னாமல் வளர்ந்தது?

மிளகு எங்களிடம் வந்தபோதே நாலு வயசு. அதற்கு முன் எந்த வீட்டு வாசலில் என்ன தின்றாளோ. டாக்டரிடம் கேட்டேன். "பதிமூணு வயசு, தேய்மானம்தான். பழசைத் தோண்டாதீங்க" என்றார். அம்மா: "எங்காத்து டைகர் கடைசி வரைக்கும் ரசம் சாதம்தான் சாப்பிட்டது." அந்த டைகருக்கு யார் கிரியாட்டினின் பார்த்தார்கள்?

ராத்திரி ஒரு மணி. இன்னும் புளியையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 13
அதே மாவைக் கொஞ்சம் தளர்த்தி மினி இட்லித் தட்டில் ஆவியில் வைத்தேன். மொறுமொறுப்பை விட்டுவிட்டால் நமுக்கிற கவலையும் இல்லை. மொத்தமாக வேகவைத்து ஃப்ரீசரில் போட்டு, வேண்டியபோது இரண்டு எடுத்து வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். சூடு பட்டால் வாசனை எழும்பும், பசி மந்தமான நாய் வாசனையை நம்பித்தான் வாயைத் திறக்கும்.

உள்ளேயிருந்து அம்மா குரல்: "வெந்துடுத்தா பாரு, குச்சி விட்டுப் பாரு."

ஜூலை 14
சாப்பிட்டாள்!! இரண்டு. மூன்றாவதில் மாத்திரையை ஒளித்தேன், இட்லி மட்டும் உள்ளே போய் மாத்திரை தரையில் கிடந்தது. திட்டவே தோன்றவில்லை. இன்னும் கொடுக்கலாம் என்று கை போனது. தின்பண்டம் ஒரு நாள் சாப்பாட்டுக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 14 கிலோ உடம்புக்கு ஏறக்குறைய எழுபது கலோரி. நிறுத்தினேன்.

ஜூலை 15
தினம் இத்தனை மஞ்சள் கருவை என்ன செய்வது? வாட்ச்மேனிடம் கொடுத்தேன். புர்ஜி பண்ணி பாவ்வோடு சாப்பிட்டாராம். "வெள்ளையை ஏன் எடுத்துடறீங்க?" என்றார். நாய்க்கு என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜூலை 16
எடை கால் கிலோ குறைவு.

ஜூலை 18
ஆடி வெள்ளி. மாமி சர்க்கரைப் பொங்கலோடு கதவைத் தட்டினாள், மிளகு வாசலுக்கு வந்தாள், தொன்னை சாய்ந்தது. தரையில் நெய், முந்திரி, திராட்சை. நான் கத்திய கத்தலில் எதிர் வீட்டுக் கதவு திறந்துவிட்டது. குனிந்து திராட்சையைப் பொறுக்கினேன், சோபாவுக்கு அடியில் உருண்டதையும் டார்ச் அடித்து எடுத்தேன். மிளகு மோந்துகூடப் பார்க்கவில்லை. மாமிக்கு முகம் வாடிவிட்டது. "பிரசாதம்டி" என்றாள். தெரியும் மாமி. திராட்சை அவளுக்கு விஷம் மாமி.

ஜூலை 19
மாமி பேசவில்லை. அம்மா போய் சமாதானம் சொல்லிவிட்டு வந்தாள், வரும்போது என்னோடு பேசவில்லை.

வாட்ச்மேன் இன்டர்காமில்: இன்னிக்கு மஞ்சள் இல்லையா?

ஜூலை 20
நாளைக்கு ரத்தப் பரிசோதனை. இரவு பத்துக்கு மேல் தண்ணீர் மட்டும். ஏழரைக்குக் கிளம்பினால்தான் பரேல் கால்நடை ஆஸ்பத்திரியில் முதல் டோக்கன்களுக்குள் கிடைக்கும், வழியில் சயானில் மழைத் தண்ணீர் நின்றால் டாக்சி வராது. ஃப்ரீசரில் இட்லி பத்து இருக்கிறது. ரிப்போர்ட் வந்து அவர் பூசணியையும் அடித்துவிட்டால் சுரைக்காயில் பார்க்க வேண்டும்.