மாணவர் சர்வே: கேள்வித்தாளைவிட மெயில் பட்டியல்தான் பெரிய வேலை

மாணவர் கருத்துக் கணிப்பு என்றதும் கமிட்டி போட்டுக் கேள்வி எழுத உட்கார்ந்துவிடுவார்கள். அது கடைசி வேலை. ஐக்யூஏசி (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) பொறுப்பில் இருந்து இதை நடத்துகிறவர்களாகச் சொல்கிறோம்: சர்வே கவிழ்வது பெரும்பாலும் முகவரிப் பட்டியலில்தான்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டு அங்கீகாரம் தரும் அமைப்பான நாக் நடத்தும் மாணவர் திருப்தி சர்வேயையே எடுத்துக்கொள்வோம். 2017-இல் வந்த மதிப்பீட்டு முறையில் இதற்கு 2.7.1 என்று எண். கல்லூரி எஸ்எஸ்ஆர் என்ற சுய மதிப்பீட்டு அறிக்கையை அனுப்பியபின், அதில் உள்ள தகவல்களுக்கான டிவிவி சரிபார்ப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கல்லூரி தந்த பட்டியலில் உள்ள மாணவர்களுக்கு நாக்கிலிருந்து நேராக மெயில் போகும். மொத்தம் 21 கேள்விகள். இருபதுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண்; கடைசிக் கேள்வியில் மூன்று யோசனைகளைச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். கல்லூரிக்குத் தேவையான பதில்கள், மொத்த மாணவரில் 10 சதவீதம் அல்லது 100, இதில் எது குறைவோ அது. பல்கலைக்கழகத்துக்கு 10 சதவீதம் அல்லது 500. ஆக 1,800 பேர் படிக்கும் கல்லூரிக்கு 100 பதில், 600 பேர் படிக்கும் கல்லூரிக்கு 60. அதை எட்டாவிட்டால் அந்த அளவுகோலைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள்.

நூறு பேர்தானே என்று தோன்றும். சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதை நிரப்பித் தந்தது ஊர் பிரவுசிங் சென்டர். அதில் இருக்கும் மெயில் ஐடி கடைக்காரருடையதாகவோ அண்ணனுடையதாகவோ இருக்கும். மாணவருடையதாகவே இருந்தாலும் பாஸ்வேர்டு மறந்திருக்கும். மொபைல் எண் அப்பாவுடையது. இந்தப் பட்டியலை அப்படியே ஏற்றினால் நாக் அனுப்பும் மெயில் யாருக்கோ போய்ச் சேரும்.

அதனால் இரண்டு மாதம் முன்பே ஒரு சோதனை மெயில் அனுப்புங்கள். திரும்பி வருவதை மட்டும் பார்த்தால் போதாது, திறக்கப்படாத மெயில் திரும்பி வராது. மெயிலுக்குள் ஒரு சொல் வையுங்கள், 'மாங்காய்' என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் முதல் பீரியடில் டியூட்டர் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு, ஒவ்வொருவரும் பதிவெண்ணுக்கு நேரே அந்தச் சொல்லை எழுதட்டும். எழுதாதவர்களுக்கு அன்றே புது ஐடி உருவாக்கிக் கொடுத்து, அவரவர் போனில் லாகின் செய்ய வைத்துவிடுங்கள். மெயில் ஸ்பாமில் கிடந்ததா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்த பொறி எக்செல். 12 இலக்கப் பதிவெண்ணைச் சாதாரண செல்லில் ஒட்டினால் அது 9.11E+11 என்று சுருங்கிக்கொள்ளும். அந்த நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனவை போனவைதான். ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள்.

"எல்லாத்துக்கும் நாலு போடுங்கப்பா" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடும் வேலை மட்டும் வேண்டாம். அது தவறு என்பது ஒருபுறம். கடுப்பான மாணவர் இருபதுக்கும் நாலு போட்டுவிட்டு 21-வது கேள்வியில் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவார். மெயில் எங்கிருந்து வரும், எத்தனை நாளைக்குள் நிரப்ப வேண்டும், இவ்வளவு சொன்னால் போதும்.

கல்லூரி தானே நடத்தும் கருத்துக் கேட்பு வேறு. அதில் மாணவர், ஆசிரியர், வேலை தருவோர், முன்னாள் மாணவர் என நான்கு தரப்பும் உண்டு. கேட்டது, அலசியது, நடவடிக்கை எடுத்தது, வலைத்தளத்தில் போட்டது என்று ஒவ்வொரு படிக்கும் ஆதாரம் வேண்டும். இங்கே பெரிய சிக்கல் நம்பிக்கை. கூகுள் ஃபார்மில் ஒருவருக்கு ஒரு பதில் என்று வைத்தால் லாகின் கேட்கும். லாகின் கேட்டதும் "நம்ம பேரு சாருக்குத் தெரிஞ்சிரும்" என்ற பயம் வந்துவிடும். எட்டுப் பேர் இருக்கும் எம்.எஸ்சி. வகுப்பில் பாலினமும் ஊரும் கேட்டால் பெயரைக் கேட்டது மாதிரிதான். பத்துப் பேருக்குக் குறைவான வகுப்பின் முடிவைத் தனியாகத் துறைக்கு அனுப்பாமல், பிற வகுப்புகளோடு சேர்த்து அனுப்புகிறோம்.

ஃபீட்பேக் நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் என்று கட்டாயப்படுத்தினால் நூறு சதவீதப் பதில் வரும். 25 கேள்விக்கும் ஒரே கட்டத்தில் டிக், நாற்பது வினாடியில் முடிந்திருக்கும். அதைவிட இன்டர்னல் தேர்வு முடிந்த மறுவாரம், வகுப்பு நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஆசிரியர் வெளியே போய்விட, பத்துப் பன்னிரண்டு கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டால் உருப்படியாக ஏதாவது கிடைக்கும். "தெளிவாகவும் சுவையாகவும் நடத்துகிறாரா" என்று ஒரே கேள்வியில் இரண்டைத் திணிக்காதீர்கள். தெளிவாக நடத்தித் தூங்க வைக்கிறவர்களும் உண்டு.

படித்து முடித்தவர்களைப் பிடிப்பது இதைவிடக் கடினம். கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப் கேட்பது, உரிய காலத்தில் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை, சம்பளத்தின் நடு அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகை) எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்பு என்பது. சராசரியைப் போட்டு அனுப்பிவிடக் கூடாது. ஐந்து பேர் ஆண்டுக்கு 1.8, 2, 2.2, 2.4, 12 லட்சம் வாங்கினால் சராசரி 4.08 லட்சம், நடு அளவு 2.2 லட்சம்தான்.

வேலை கிடைத்தவர் முந்திக்கொண்டு பதில் போடுவார், கிடைக்காதவர் மெயிலைத் திறக்கவே மாட்டார். 120 பேரில் 40 பேர் பதில் தந்து, அதில் 30 பேர் வேலையில் இருந்தால் அது 75 சதவீதம் இல்லை; உறுதியாகத் தெரிந்தது 120-க்கு 30 மட்டும். மீதி 80 பேரைப் போனில்தான் பிடிக்க வேண்டும். டி.சி. வாங்க வரும் நாளிலேயே சொந்த எண்ணோடு வீட்டு எண் ஒன்றும், நெருங்கிய தோழி அல்லது நண்பரின் எண் ஒன்றும் வாங்கிவிடுங்கள். கல்யாணமாகிப் போகும் பெண்களின் எண் மாறிவிடும். தோழியிடம் புது எண் இருக்கும்.

எப்போது கேட்பது என்பதும் முடிவை மாற்றும். பிரிட்டனில் பட்டதாரிகளிடம் முன்பு ஆறாவது மாதம் கேட்டார்கள். இப்போது 15 மாதம் கழித்துக் கேட்கிறார்கள். நம் ஊரில் பட்டமளிப்பு விழாவுக்கு வரும் நாள் தோதானது, கையெழுத்துப் போடும் மேஜையிலேயே படிவத்தை வையுங்கள். படிவத்தில் 'வேலை', 'மேற்படிப்பு', 'வேலையில்லை' என்று மூன்றே கட்டம் இருந்தால் டிஎன்பிஎஸ்சி-க்குப் படிப்பவர் எதை டிக் செய்வார்? அவருக்கு ஒரு கட்டம், அப்பா கடையைப் பார்ப்பவருக்கு ஒரு கட்டம் கொடுங்கள்.

போன் செய்ய மாலை ஆறரைக்கு மேல் நல்லது. அவர் சொல்வதை மட்டும் குறித்துக்கொண்டால் டிவிவி-யில் நிற்காது. பணி ஆணையோ சேர்க்கைச் சான்றோ வேண்டும். லைனில் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, வந்துவிட்டதைப் பார்த்தபிறகு போனை வையுங்கள். "அப்புறம் அனுப்புறேன் சார்" என்றால் இன்னும் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கும்.