மேடு ஏறுதே தம்பி

"மேடு ஏறுதே தம்பி, இங்கேயும் அதே கணக்குதானா?"

தண்டல் அண்ணன், தோட்டத்து வேலையாட்களை மேய்ப்பவர், கேட்டது இவ்வளவுதான். "அதே கணக்குதான் அண்ணே, 2 மீட்டர் தள்ளி வைங்க, போதும்" என்றேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால், 3 மீட்டர் தடுப்புச் சுவருக்கு மேலே தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு.

சுவர் துளி முன்னால் நகர்ந்தாலும் பின்னாலுள்ள மண் ஆப்பு மாதிரி கழன்று இறங்கப் பார்க்கும். அது வழுக்கும் தளத்தின் சாய்வு, 45 பாகையோடு மண்ணின் உராய்வுக் கோணத்தில் (மண் துகள்கள் வழுக்காமல் ஒன்றையொன்று பிடித்து நிற்பதன் அளவு) பாதி. உராய்வுக் கோணம் 30 என்றால் தளம் 60 பாகை. சுவரின் அடியிலிருந்து அந்தச் சாய்வில் கோடு போட்டால் மேலே 1.73 மீட்டரில் வெளியே வரும். அதனால்தான் 2 மீட்டர் என்றேன்.

அது சமதரைக்கான கணக்கு. 15 பாகை ஏறும் மேட்டில், ராங்கின் என்ற பொறியாளர் 1857இல் சொன்ன அதே கோட்பாட்டின்படி, தளம் 52 பாகைக்குப் படுத்துவிடும். ஆப்பு 3 மீட்டரைத் தொடும். சுவருக்குக் கணக்குப் போட்டபோது மேட்டைச் சேர்த்துத்தான் போட்டிருந்தேன். மண் சுவரை எவ்வளவு தள்ளும் என்பதைச் சொல்லும் அழுத்தக் கெழு 0.33இலிருந்து 0.37 ஆனது. இவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். அழுத்தம் கொஞ்சமாகக் கூடும்போது ஆப்பு இத்தனை அகலமாகும் என்று தோன்றவே இல்லை.

நவம்பர் மழையில் தொட்டிக்கு அந்தப் பக்கம் வெடிப்பு விட்டது. குனிந்து விரலை விட்டேன்; அடி எட்டவில்லை. சுவரிலிருந்து வெடிப்பு வரை டேப் பிடித்தோம். 2.9 மீட்டர்.

சுவரில் கீறல்கூட இல்லை. சரி, ராங்கின் கணக்கு ஒட்டாத மணலுக்கு. நம் செம்மண் ஒட்டும் மண், மழை ஊறினால் தொட்டி இல்லாமலும் வெடிக்கும். 2.9 தற்செயலாக இருக்கலாம். இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன். ஆனால் அண்ணன் கேட்டது மேட்டைப் பற்றி. உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டி வேறு கேட்டார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

தொட்டியை 4 மீட்டருக்கு நகர்த்தினோம். அண்ணன் களிமண் பிசைந்து வெடிப்பை அடைத்தார். "அன்னைக்கே கேட்டேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செம்மண், மழை என்று நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.