வெறும் சட்டி

ஆடிப் பிறப்புக்கு மறுநாள் என் எவர்சில்வர் சட்டி வாசல்படியில் இருந்தது. கழுவித் துடைத்து, உள்ளே ஒரு நன்றி அட்டை. அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒன்றும் இல்லை.

கனடாவுக்கு, இந்த ஸ்காபரோவுக்கு வந்து பதினாறு வருடம். ஸ்னோ தள்ளப் பழகியாயிற்று. எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டி என்பது மனப்பாடம். என் காலை மிதித்தவருக்கே நான் ‘சொறி’ சொல்கிறேன். இனி நான் இந்த ஊர்க்காரிதான் என்று நினைத்திருந்தேன். ஒரு வெறும் சட்டி என்னைத் தூக்கிக்கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில், எங்கள் இணுவிலில் இறக்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் யாராவது சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பார்களா? நாலு பச்சை மிளகாய், ஒரு பிடி முருங்கையிலை, அதுவும் இல்லாத நாளில் ஒரு கரண்டி சீனி. ஏன் என்று கேட்டால் அம்மா, “கூடாதெண்டால் கூடாது பிள்ளை” என்பா. காணி விற்பதென்றால் யாரிடம் முதலில் கேட்க வேண்டும் என்று 1707இலேயே, அப்போது எங்களை ஆண்ட ஒல்லாந்தர், எங்கள் ஊர் வழக்கங்களின் தொகுப்பான தேசவழமைச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். சட்டி விஷயத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதாததாலோ என்னவோ, அதை மீற யாருக்கும் துணிவு வரவில்லை.

சட்டி போய்வருவது வேலிப் பொட்டுக்குள்ளால். பூவரசங் கதியாலுக்கும் கிளுவைக்கும் நடுவே, கிடுகை விலக்கி, ஒரு ஆள் குனிந்து போகுமளவு இடம். முதலில் பக்கத்து வீட்டு மாமியின் வளையல் கை தெரியும், பிறகு சட்டி, கடைசியாகத்தான் மாமி. மாரிக்கு முன்னர் வேலி அடைக்கும்போது வருடம் தவறாமல் சண்டை வரும். கதியாலை ஒரு விரற்கடை இங்கால் நட்டுவிட்டார் என்று அப்பா. இல்லை, அங்கால் நட்டவர் நீங்கள் என்று மாமா. ஒரு மாதம் பேச்சு இராது. ஆனால் வேலி அடைக்க வந்தவரிடம் இருவரும் தனித்தனியே போய், “பொட்டை விட்டிட்டு அடையும்” என்று சொல்லியிருப்பார்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் ஊரைவிட்டு எங்கள் வலிகாமப் பகுதியே நாவற்குழிப் பக்கம் நடந்தது. அன்றைக்கும் மாமி பொட்டுக்குள்ளால்தான் வந்தா. அது அப்பாவும் மாமாவும் கதைக்காத மாதம். கதைக்காமலே இரண்டு வீட்டு மூட்டையையும் ஒரே சைக்கிளில் கட்டினார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வேலி படுத்துக் கிடந்தது. எது எங்கள் முற்றம், எது அவர்களுடையது என்று தெரியவில்லை. வீட்டுக் கூரையைப் பார்க்குமுன் வேலியை அடைத்தார்கள். பொட்டு விட்டுத்தான்.

சரி, ஸ்காபரோவுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இத்தாலியக் கிழவர். மனைவி போய் இரண்டு வருடம். எங்கள் இரு வீட்டு முன்புறத்துக்கும் வேலியே கிடையாது, வெறும் புல். அவர் மெசினை வைத்துத் தன் பக்கப் புல்லை நூல் பிடித்தாற்போல் வெட்டுவார். ஒரு விரற்கடைச் சண்டைக்குக்கூட வழியில்லை.

இரண்டு நாள் அவரைக் கண்டும் காணாத மாதிரித் திரிந்தேன். மூன்றாம் நாள் என் கணவர்தான் அந்த அட்டையை எடுத்து வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினார். ‘ரவியோலி மிக அருமை. தக்காளி சோஸ் ஊற்றிச் சாப்பிட்டேன்.’ ரவியோலி என்பது உள்ளே அடைத்து ஓரம் ஒட்டி அவிக்கும் அவர்கள் ஊர் மாப்பண்டம். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து, ஓரம் ஓரமாக நான் பல்லுப்பிடித்த கொழுக்கட்டைக்குத் தக்காளி சோஸ்! அம்மம்மா கேட்டிருந்தால் ஒரு நேரச் சாப்பாடு விட்டிருப்பா.

சிரித்து முடிந்து சட்டியை அலுமாரியில் வைக்கப் போனபோதுதான் கவனித்தேன். அப்பாவின் பெயர் வெட்டின சட்டி அது. எழுத்துகளுக்குள் கறுப்பாக அடைந்திருந்த அழுக்கு, நான் எத்தனை தேய்த்தும் போகாதது, துப்புரவாகப் போயிருந்தது. ஊசியோ பல்லுக்குத்தியோ வைத்துக் கிண்டியிருக்க வேண்டும். தனியாளாக அந்த மேசையில் இருந்து, வாசிக்கத் தெரியாத எழுத்தை ஒவ்வொன்றாக.

ஞாயிறு அம்மாவுக்குத் தொலைபேசியில் முழுக்கதையும் சொன்னேன். கிழவர் பாவம் என்றா. அப்புறம் தன் கதையைத் தொடங்கினா.

“மாமி வீட்டுச் சட்டி ஒண்டு சித்திரையில இருந்து இஞ்ச கிடக்கு. ஒழுங்கையால சுத்திப் போக முழங்கால் விடுதில்லை. மாமிக்கும் ஏலாது.”

“பொட்டு…” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டேன். போன வருடம் ஆறடி மதில் கட்டியாயிற்று. தெருவிலேயே வடிவான மதில் என்று படமும் அனுப்பியிருந்தா.

“மதில்ல ஒரு சின்னக் கதவு வைக்கச் சொல்லுவமே அம்மா?”

“வைக்கலாம். மதிலுக்குக் காசு அனுப்பேக்க நீதான் சொன்னனி, ஓட்டை ஒண்டும் விடாமல் கட்டச் சொல்லு, கள்ளர் வருவாங்கள் எண்டு.”