நகராத மேகம்

போன ஞாயிறு பெங்களூரு அல்சூர் வீட்டில் கரண்ட் போனதால் பாதியில் நின்ற 'நோப்' படத்தை நேற்று முதலிலிருந்து போட்டேன். ஜோர்டான் பீல் 2022-இல் எடுத்தது. கலிபோர்னியாவில் சினிமாவுக்குக் குதிரை பழக்கும் அண்ணன் தங்கை, அவர்கள் பண்ணைக்கு மேலே நகராமல் நிற்கும் ஒரு மேகம், அதற்குள் ஏதோ ஒன்று. கௌபாய் படமா, பேய்ப் படமா, பறக்கும் தட்டா என்று கேட்டால் எல்லாம்தான்.

அந்தக் காற்றடைத்த பொம்மைகள்தான் எனக்கு உயிர். கடை திறப்பு விழாவில் கையை ஆட்டிக்கொண்டு நிற்குமே, அதேதான். மேலே இருப்பது நெருங்கினால் மின்சாரம் செத்துவிடும் என்பதால் பேட்டரி போட்டு வெளி முழுக்க நட்டு வைக்கிறார்கள். எந்த மூலையில் பொம்மை தொய்ந்து விழுகிறதோ, அங்கே அது வந்துவிட்டது. கிராபிக்ஸுக்குக் கொட்டிய காசைவிட இந்த யோசனைதான் வயிற்றைக் கலக்கியது. இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்தார்களாம், இன்ஃப்ராரெட் கேமராவையும் சேர்த்துக் கட்டி. நம்பவே முடியவில்லை.

டிவி தொடர் படப்பிடிப்பில் வெறிபிடித்து ஆட்களைத் தாக்கும் சிம்பன்ஸியின் கிளைக்கதை இழுவை என்றார் அண்ணி. எனக்கோ, மேஜைக்கடியில் ஒளிந்த பையன் கண்ணில் படும் அந்த ஒற்றை ஷூ, செங்குத்தாக நிற்கிறதே, அது இன்னும் போகவில்லை.

சரி, மேகத்துக்குள் இருப்பதை நிமிர்ந்து பார்த்தால்தான் ஆபத்து என்பது படத்தின் விதி. முடிந்ததும் துணி எடுக்க மாடிக்குப் போனேன். ஏரிப் பக்கம் மேகம் கட்டியிருந்தது போல. தலையைக் குனிந்தபடியே கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டேன், ஒரு சட்டையை விட்டுவிட்டு.